லாரி ஏறாத மலை

விரல் முறிகிற சத்தம் போனில் கேட்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். அன்று காலை கேட்டது. காய்ந்த குச்சியை ஒடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிறகு அக்காவின் மூச்சு. அதற்கும் பிறகு அக்கா புருஷனின் குரல், பால்காரரிடம் பேசுகிற மாதிரி நிதானமாக.

"உன் அக்கா இனிமே உனக்கு போன் பண்ண மாட்டா. பண்ணினா அடுத்தது கழுத்து. புரிஞ்சுதா?"

லைன் அறுந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் புன்னகை மாறாமல் காத்திருந்தார். "சொல்லுங்க மேடம். மலை தெரியணும், பள்ளம் தெரியக் கூடாது. என் வீட்டுக்காரிக்குப் பள்ளத்தைப் பார்த்தா மயக்கம் வந்துடும். அப்படி ஒரு ரூட் இருக்கா?"

"இருக்கு சார். சுத்தற திசையை மாத்தினா போதும். மலைச்சுவரை ஒட்டியே நீங்க போவீங்க. பள்ளம் எதிர்ல வர்றவங்க பக்கம் போயிடும்."

குரல் நடுங்கவில்லை. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

ஆபீஸில் அவளுக்கு 'ரூட்டு' என்று பெயர். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய கேரவன்களை வாடகைக்கு விடுகிற கம்பெனி அது. பஸ் நீளம் இருக்கும் ஒவ்வொன்றும். அதை எடுத்துக்கொண்டு மலையேற ஆசைப்படுகிறவர்களுக்கு வழி தேர்ந்து கொடுப்பது அவள் வேலை. அவள் கணக்கில் அழகு மூன்றாவது. முதலில் அகலம், அடுத்தது ஏற்றம். "அழகான ரோட்ல மாட்டிக்கிட்டா அரை மணி நேரத்துல அழகு போயிடும்" என்பாள்.

அன்று மத்தியானம் அக்கா மறுபடி பேசினாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற நர்ஸின் போனிலிருந்து.

"கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லியிருக்கேன். நர்ஸ் நம்பலை. போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கொடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பி நிக்கறாங்க."

"அக்கா, வந்துடு."

"எப்படி வர? பஸ் ஸ்டாண்டுல அவர் ஆளு, ஸ்டேஷன்ல அவர் ஆளு. ஹைவே டோல்கேட்ல ஒவ்வொரு லாரி டிரைவரும் அவர் ஆளு. போன தடவை டாக்ஸியில ஏறி மூணாவது டோல்கேட்டைக் கூடத் தாண்டலை."

அது உண்மை. அவனிடம் லாரிகள் இருந்தன. ஊரில் பாதிப் பேர் அவனுக்கு வேலை செய்தார்கள், மீதிப் பேர் அவனுக்குப் பயந்தார்கள். போலீஸில் இரண்டு தடவை புகார் கொடுத்தாகிவிட்டது. இரண்டு தடவையும் டீ வாங்கிக் கொடுத்து, சமாதானம் சொல்லி, ஜீப்பிலேயே வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை காலையில ரெடியா இரு," என்றாள் ரூட்டு. "டாக்ஸி இல்லை. வீட்டோட வரேன்."

மலைக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் கிளை இருந்தது. அங்கே ஒரு பெரிய கேரவனைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் வேறு போலீஸ், வேறு கோர்ட். அக்காவுக்குத் தையல் கம்பெனியில் வேலை பேசி வைத்தாள், ஹாஸ்டலில் ஒரு கட்டில் பிடித்து வைத்தாள். வழிதான் மிச்சம்.

வழி மூன்று இருந்தது. ஹைவே சுலபம், ஆனால் டோல்கேட். ஏரிப் பாதை கண்ணைப் பறிக்கும், ஆனால் அதன் கொண்டை ஊசி வளைவுகளில் இந்த நீளத்தைத் திருப்பவே முடியாது. மூன்றாவது காட்டுப் பாதை. வளைவுகள் அகலம், ஏற்றம் தாங்கக்கூடியது, டோல்கேட் கிடையாது. உச்சியில் சாலை ஒரு பழைய கல் குகைக்குள் நுழைந்து போகும். அதன் உயரம் குறைவு என்பதால் அந்த மலையில் லாரிக்கே அனுமதி இல்லை.

லாரி ஏறாத மலை. அவள் விரல் திரையில் அந்த இடத்திலேயே நின்றது.

குகைக்குள் கேரவன் போகுமா என்று பார்க்க, கிளம்புவதற்கு முதல் நாள் வண்டியை அளந்தாள். கம்பெனி வழக்கப்படி பயணம் போகிற நிலையிலேயே அளந்தாள்: தண்ணீர்த் தொட்டி நிறைய, காஸ் சிலிண்டர் இரண்டு, உள்ளே ஆட்களுக்குப் பதில் மணல் மூட்டைகள். குகைக்கும் கூரைமேல் இருக்கும் ஏசி பெட்டிக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி வந்தது. போதும்.

வெள்ளிக்கிழமை காலை, அக்கா வீட்டுப் பின்சந்தில் கேரவனை நிறுத்தினாள். சந்து முனையில் ஒரு சலவைக் கடையின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. வீட்டின் பின்கதவு வழியாக அக்கா வந்தாள், கையில் ஒரே ஒரு பை. அவள் பின்னாலேயே அவளுடைய மாமியார் வந்தார். இரண்டு பெரிய பை, ஒரு பிளாஸ்டிக் வாளி, உடம்பில் மகனுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர். ஆஜானுபாகுவான அம்மாள். சந்தை அடைத்துக்கொண்டு வந்தார்.

ரூட்டு வண்டிக் கதவை மறித்து நின்றாள். "அத்தை, நீங்க எங்க?"

"ஏன், வண்டியில இடம் இல்லையா? வீடு மாதிரி இருக்கு."

"அக்கா, என்ன இது?"

"எனக்கும் தெரியாதுடி. கதவைத் திறந்தா நிக்கறாங்க."

அத்தை ஸ்வெட்டரின் கழுத்தைத் தோள்வரை இழுத்துக் காட்டினார். பெல்ட்டின் பக்கிள் பதிந்த தடம், ஓரங்களில் மஞ்சள், நடுவில் கறுப்பு.

"குழம்புல உப்புக் கம்மின்னு," என்றார். "இவ போயிட்டா வீட்டுல மிச்சம் இருக்கறது நானும் ஃபிரிட்ஜும்தான். ஃபிரிட்ஜு மேல அவனுக்குப் பிரியம் ஜாஸ்தி. அதை அடிக்க மாட்டான்."

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை வாளியை வாங்கி உள்ளே வைத்தாள்.

திரைச்சீலைகளை இழுத்துவிட்டு ஊரைக் கடந்தார்கள். செக்போஸ்ட்டில் சுற்றுலா வண்டி என்று கையை அசைத்து அனுப்பினார்கள். ஹைவேயை விட்டுக் காட்டுப் பாதையில் திரும்பியபோது அக்கா முதல் தடவையாகச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஏற்றம் ஆரம்பித்தது. அடிவாரத்தில் ரூட்டு வண்டியை நிறுத்தித் தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டாள். அத்தனை தண்ணீரையும் எதற்கு மலைமேல் சுமக்க வேண்டும்? இன்ஜின் திணறக் கூடாது. வழக்கமாக எல்லோருக்கும் அவளே சொல்லுகிற யோசனைதான்.

பாதை அழகாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் ஈரமான பாறை, மறுபக்கம் மரங்களின் உச்சிகள், அவற்றுக்கும் கீழே பஞ்சு மாதிரி மேகம். அத்தை ஜன்னலை விட்டு நகரவில்லை. "இத்தனை வருஷமா இது இங்கதான் இருந்துச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பாதி மலையில் வியூ பாயின்ட். இன்ஜின் ஆறட்டும் என்று நிறுத்தினாள். இறங்கி டயர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தால் அத்தை பின்படுக்கையில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தார்.

"...மேல் டிராயர்ல இல்லைடா, அதுக்கும் மேல. பச்சை டப்பா. காலையில ஒண்ணு, சாப்பிட்டதும் ஒண்ணு. மறக்காம போட்டுக்கோ, பிரஷர் ஏறிடும்... எங்கேன்னு கேட்காதே. உன் சாம்பல் ஸ்வெட்டரைத் தேடாதே, நான் எடுத்துட்டேன். இங்க மேல காத்து ஊசியாக் குத்துது..."

ரூட்டு பாய்ந்து போனைப் பிடுங்கினாள். மறுமுனையில் ஏற்கெனவே யாரும் இல்லை.

அக்காவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "அத்தை. என்ன பண்ணினீங்க?"

"மாத்திரை எங்கன்னு அவனுக்குத் தெரியாது. நான்தானே எடுத்துக் கொடுப்பேன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கே புரிந்தது. உதடு கோணியது. "எங்க இருக்கோம்னு நான் சொல்லலையே."

"மேல, காத்து, குளிர்," என்றாள் ரூட்டு. " சுத்துவட்டாரத்துல மலை எது? டோல்கேட்ல சிக்காம போற மலை எது? அவருக்கு இதைக் கண்டுபிடிக்க மேப்பே வேண்டாம் அத்தை."

"அவர் கிளம்பியிருப்பார்," என்றாள் அக்கா. கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஜீப்ல வருவார். தனியாத்தான் வருவார். என்னை அடிக்கும்போது யாரும் பக்கத்துல இருக்கறது அவருக்குப் பிடிக்காது."

குகையைத் தாண்டினால் இறக்கம். இறங்கிவிட்டால் அந்தப் பக்கத்து ஊர், அந்தப் பக்கத்து போலீஸ். ரூட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். கேரவன் தன் வேகத்தில்தான் ஏறியது, நிறைமாத கர்ப்பிணி மாதிரி. சமையல் பாத்திரங்கள் அலமாரிக்குள் கடகடத்தன.  கண்ணாடியில் பின்னால் தெரிகிற சாலையை ஒவ்வொரு வளைவிலும் மூன்று பேரும் பார்த்தார்கள்.

குகை வந்தது. கறுத்த கல் வளைவு, ஒரே வண்டி போகிற அகலம், மறுபுறம் தட்டு அளவுக்கு வெளிச்சம். "ரெண்டு பேரும் இறங்கி நடந்து வாங்க. கல்லு கில்லு விழுந்தா உள்ள இருக்க வேண்டாம்," என்றாள். அதுவும் அவள் எல்லோருக்கும் சொல்லுகிற யோசனைதான். அக்கா இறங்கினாள். அத்தை படியில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, பெருமூச்சோடு இறங்கினார். அவர் இறங்கியதும் வண்டி லேசாக நிமிர்ந்தது. ரூட்டு அதைக் கவனிக்கவில்லை.

முன்பாதி சரியாக நுழைந்தது. பின்பாதியில், கூரையிலிருந்து எலும்பைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். வண்டி நின்றது. பின்னால் எடுத்தாள். ஏசி பெட்டியின் விளிம்பு கல் இடுக்கில் கொக்கி போட்டுக்கொண்டது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு நொடி வெறித்தாள். அளந்தது அவள். மூன்று விரல் இடைவெளி எங்கே போனது?

அப்போதுதான் உறைத்தது. தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஆட்களை இறக்கிவிட்டாள். பாரம் போனதும் வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்துவிட்டன. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல யோசனை. சேர்ந்தபோது வண்டி மூன்று விரலுக்கும் மேலேயே வளர்ந்துவிட்டது.

"ஏறுங்க!" என்று கத்தினாள். "ரெண்டு பேரும் ஏறுங்க. பின்னாடி படுக்கையில போய் உக்காருங்க. அத்தை, நீங்க கடைசி ஓரத்துல."

"இப்பதானே இறங்கச் சொன்னே?"

"உங்க எடை வேணும் அத்தை."

"முதல் தடவையா ஒருத்தி இதைக் கேக்கறா," என்று முனகிக்கொண்டே அத்தை உடம்பைத் திணித்து ஏறினார்.

போதவில்லை. ரூட்டு டார்ச்சோடு பின்சக்கரத்துக்கு ஓடி, டயரின் காற்றைத் திறந்துவிட்டாள். ஒரு பக்கம் சீறியது. வண்டி மெல்ல அமர்ந்தது. மறுபக்கத்து டயருக்கு ஓடினாள். அது பாதி இறங்கியபோது, குகை வாயில் ஹாரன் அடித்தது. நீளமாக, விடாமல்.

ஜீப்.

அவன் இன்ஜினைக்கூட அணைக்கவில்லை. இறங்கி வந்தான். கையில் வீல் ஸ்பேனர். லாரிச் சக்கரம் கழற்றுகிற முழங்கை நீளத்து இரும்பு. அம்மாவைப் போலவே பெரிய உடம்பு.

"மச்சினி," என்றான். "வீட்டோட வரேன்னு சொன்னியாமே. நர்ஸு சொன்னா. சொல்ல வைக்கக் கொஞ்சம் நேரம் ஆச்சு."

ரூட்டு எழுந்திருப்பதற்குள் ஸ்பேனர் தோளில் இறங்கியது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. சுவரில் மோதி விழுந்தாள். அடுத்த அடி தலைக்கு வந்தது. உருண்டாள். கல்லில் பட்டுத் தீப்பொறி பறந்தது. வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில், எலி வளைக்குள் போகிற மாதிரி புகுந்தாள். அவன் கையை நீட்டிக் கணுக்காலைப் பிடித்தான். உதைத்தாள். செருப்பு அவன் கையோடு போயிற்று. அவனுடைய உடம்பு அந்த இடுக்கில் நுழையாது.

"பரவாயில்லை. உன்னை அப்புறம் பாத்துக்கறேன்."

பின்கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. ஒரே அடி. கண்ணாடி முழுக்க உள்ளே கொட்டியது.

"டேய்," என்றது அத்தையின் குரல். "டேய், நில்லுடா. நான் சொல்றதைக் கேளு."

"அம்மா, நகரு."

"மாத்திரை போட்டியா?"

அவன் ஒரு கணம் தடுமாறினான் என்றுதான் அக்கா பின்னால் சொன்னாள். பிறகு பம்பரில் கால் வைத்து ஏறி, ஜன்னல் சட்டத்தில் கையூன்றி, அம்மாவின் முகத்தில் புறங்கையால் அறைந்து நகர்த்திவிட்டு உள்ளே குதித்தான்.

டிரைவர் சீட்டுக்குள் ஒருக்களித்து நுழைந்துவிட்ட ரூட்டு அதை உடம்பிலேயே உணர்ந்தாள். வண்டியின் வால் அமுங்கியது. கூரையில் கல் விட்டுக்கொடுக்கிற ஒரு கிறீச். இத்தனை நேரம் அவர்களுக்கு வேண்டியிருந்த எடையை அவனே சுமந்துகொண்டு வந்து ஏறியிருக்கிறான்.

இடது கை தொங்கியது. வலது கையால் கியரைத் தள்ளி மிதித்தாள்.

கேரவன் குகையிலிருந்து பிதுங்கி வெளிச்சத்துக்கு வந்தது. காற்று இறங்கிய டயர்கள் தளதளத்தன. முன்னால் இறக்கம், ஒன்றின் கீழ் ஒன்றாக மடித்து வைத்த ரிப்பன் மாதிரி சாலை.

பின்னால் பார்க்கிற கண்ணாடியில் துண்டு துண்டாகத் தெரிந்தது. அவன் அக்காவைப் படுக்கையில் சாய்த்து முழங்காலை நெஞ்சில் ஊன்றியிருந்தான். இரண்டு கட்டை விரலும் கழுத்துக் குழியில். அக்காவின் கால்கள் அலமாரிக் கதவை உதைத்தன. கதவு திறந்து தட்டுகள் சிதறின.

"அத்தை!"

தரையில் கிடந்த அத்தை எழுந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் ஓடியது. கையில் அகப்பட்டது இரும்பு வாணலி. அதைத் தூக்கி மகனின் தலையில் போட்டார். முதல் அடி தயங்கிய அடி. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது அடியில் தயக்கம் இல்லை. காதுக்கு மேலே சதை பிளந்தது.

அவன் அக்காவின் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்து நின்றான். மற்றக் கையால் வாணலியைப் பிடுங்கி அம்மாவை ஒரு தள்ளு. அத்தையின் நெற்றி அலமாரி மூலையில் மோதியது.

"வண்டியை நிறுத்து," என்று முன்னால் பார்த்துக் கத்தினான். "நிறுத்தலைன்னா இவளை இப்படியே வெளியே தூக்கிப் போடுவேன்."

அவன் உடைந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். எதிரே அகலமான கொண்டை ஊசி வளைவு.

நிறுத்தினால் அக்கா செத்தாள். அது மட்டும் ரூட்டுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாள். நீளமான வண்டி திரும்பும்போது தலை ஒரு பக்கம் போனால் வால் மறுபக்கம் வீசும். வால் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெட்டவெளிக்கு மேல் வீசியது. டயர்கள் வழுக்கின. பாத்திரம், கண்ணாடித் தூள், வாளி எல்லாம் பின்பக்கம் பறந்தன. அவனும் பின்னால் சரிந்தான். சட்டத்தைப் பிடிக்கக் கை வீசினான். இன்னொரு கையில் அக்காவின் முடி. அக்காவும் அவனோடு இழுபட்டாள்.

அத்தை தரையில் குப்புற விழுந்து மருமகளின் இரண்டு கால்களையும் கட்டிப்பிடித்தார். அவ்வளவு எடையும் அந்தப் பிடியில் இறங்கியது.

முடி பிய்த்துக்கொண்டது. அவன் கையில் ஒரு கொத்து முடியோடு ஜன்னல் வழியாக வெளியே விழுந்தான்.

சத்தம் கொஞ்சம் தாமதமாகக் கேட்டது. கீழே, ரொம்பக் கீழே இல்லை.

வளைவைச் சுற்றி இறங்கினார்கள். அந்தச் சாலை வேறெங்கும் போகாது. மடிந்து மடிந்து தன் தலைக்குக் கீழேயே வந்து நிற்கும். அதனால் அடுத்த திருப்பத்தில் அவன் அங்கே கிடந்தான். நடுரோட்டில், குறுக்காக.

ரூட்டு பிரேக்கை மிதித்தாள்.

ஒரு கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. கேரவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் கைப்பிடிச் சுவர். அவனைச் சுற்றிப் போக இடம் இல்லை.

அக்கா தவழ்ந்து முன்னால் வந்தாள். கழுத்தில் பத்து விரலும் எண்ணுகிற மாதிரி பதிந்திருந்தன. தலையில் ஒரு உள்ளங்கை அளவுக்குத் தோல் சிவந்து தெரிந்தது. குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"ஏத்து," என்றாள்.

ரூட்டின் கால் ஆக்ஸிலேட்டர்மேல் இருந்தது. அது அவளுடைய கால் மாதிரியே இல்லை.

"ஏத்துடி. இப்ப விட்டா மறுபடியும் வருவான். நீ பாத்தே இல்ல, எவ்வளவு தூரம் வந்தாலும் வருவான்."

பின்னாலிருந்து அத்தை வந்தார். முகம் முழுக்க ரத்தம், அதை மகனின் ஸ்வெட்டர் கையால் துடைத்துக்கொண்டே வந்தார். "கதவைத் திற," என்றார். "நான் இறங்கிக்கறேன். என்னை உள்ளே வெச்சுக்கிட்டு அவன்மேல ஏத்தாதீங்க. அது மட்டும் எனக்காகச் செய்யுங்க."

யாரும் தடுக்கவில்லை. அவர் இறங்கி நடந்தார். மகனுக்குப் பக்கத்தில் ரோட்டில் உட்கார்ந்தார்.

"அம்மா," என்றான். பல்லில் ரத்தம். "அவளைப் பிடி. போகவிடாதே."

"வலிக்குதா?"

"என் போன் பாக்கெட்ல இருக்கு. எடு. பசங்களுக்குப் போடு. அடிவாரத்துலயே மடக்கச் சொல்லு."

அத்தை பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். எழுந்தார். அவன் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, நெல் மூட்டையை இழுக்கிற மாதிரி மலைச்சுவர் பக்கம் இழுத்தார். அவன் அலறிய அலறல் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. ரோட்டில் வழி கிடைத்தது. ஒரு கேரவன் போகிற அளவுக்கு.

"போடும்மா போனை!"

"உனக்கு ஒரு கால்தான்டா போயிருக்கு," என்றார் அத்தை, டாக்டர் மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டே.

"ஒரு கால்தானே. ஆறு மாசத்துல சேர்ந்துடும்." அவன் கேரவனைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். அக்காவுக்குக் கேட்க வேண்டும் என்று. "ஆறு மாசம் இருடி. எந்த ஊர்ல இருந்தாலும் வரேன். நடந்தே வரேன்."

அத்தை நிமிர்ந்தார். மகனைப் பார்த்தார். கேரவன் கண்ணாடிக்குள் தெரிந்த மருமகளின் கழுத்தைப் பார்த்தார். பிறகு சரிந்திருந்த கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்தார். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கல்.

"அம்மா? அம்மா, என்ன பண்றே?"

"கண்ணை மூடிக்கோ," என்றார். சின்ன வயசில் ஊசி போடும்போது சொல்லியிருப்பார் போல, அதே குரல்.

கல்லை நல்ல கால் முழங்கால்மேல் போட்டார். ஒரு தடவை போதவில்லை. மறுபடி தூக்கிப் போட்டார்.

ரூட்டு தலையைத் திருப்பிக்கொண்டாள். அக்கா திருப்பவில்லை. கடைசிவரை பார்த்தாள்.

அத்தை கல்லைச் சுவருக்கு வெளியே உருட்டிவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே கேரவன் ஜன்னலுக்கு வந்தார். 

"கிளம்புங்க. நான் ஆம்புலன்ஸுக்குப் போடறேன்."

"அத்தை, நீங்களும் வாங்க," என்றாள் அக்கா. சொல்லும்போதே அழுதுவிட்டாள். "ஏறுங்க. இங்க வேண்டாம்."

"இவனுக்கு யாரு இருக்கா? மாத்திரை எங்கன்னுகூடத் தெரியாது." நெற்றி ரத்தத்தைத் துடைத்தார். "இனிமே கட்டில்லதான் கிடப்பான். தண்ணிகூட நான் கொடுத்தாத்தான் குடிப்பான். என்னை அடிக்கணும்னா நான் பக்கத்துல போகணும். நான் போக மாட்டேன், தட்டைத் தள்ளிவிட்டுடுவேன்."

"போலீஸ் கேட்டா?" என்றாள் ரூட்டு.

"அவ்வளவு உயரத்துலேருந்து விழுந்தா ரெண்டு காலும் போகத்தானே செய்யும்? கேக்கறவங்க மேல ஏறிப் பாத்துக்கட்டும்." ஜன்னல் வழியாகக் கையை விட்டு மருமகளின் கன்னத்தைத் தொட்டார். கல் தூசியும் ரத்தமும் ஒட்டிக்கொண்டது. "போடி. நின்னு பாத்துக்கிட்டு இருக்காதே. போ."

ரூட்டு கியரைப் போட்டாள். காற்று குறைந்த டயர்களோடு கேரவன் மெதுவாக அவர்களைத் தாண்டியது. கண்ணாடியில், அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மகனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

அடிவாரம் நெருங்கியபோது எதிரே ஆம்புலன்ஸ் ஏறி வந்தது. ரூட்டு கேரவனை மலைச்சுவரை உரசுகிற மாதிரி ஒதுக்கி வழி விட்டாள். ஆம்புலன்ஸ் டிரைவர் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பதிலுக்கு அசைத்தாள்.